வறட்சிக் காலத்தில் புழக்கடைத் தோட்டம்

நமது சங்கங்களில் நூலுக்கு இருப்புப் பேரேடு உண்டு. துணிக்கு வரவுப் பதிவேடு உண்டு. கூலிக்குப் பட்டி உண்டு. அங்கத்தினர் வீடுகளில் புழங்கும் தண்ணீருக்கு மட்டும் கணக்கு கிடையாது. கணக்கு எழுதப்படாவிடினும் அதன் பற்று வேறு ஏடுகளில் வந்து விழவே செய்கிறது. தார் சுற்றித் தரவேண்டிய கைகள் குடத்துடன் குழாயடியில் காத்திருக்குமாயின் தறி நின்றுவிடும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இவ்வாறு கழிவதாக வைத்துக்கொள்வோம். பங்குனி முதல் ஆனி ஈறாக நான்கு மாதங்களில் அது 120 மணி ஆகும். எட்டு மணி நேரம் ஒரு வேலைநாளெனில் பதினைந்து நாள் உழைப்பு குழாயடியிலேயே போயிற்று. கோடை மாதங்களின் துணி வரவைத் தணிக்கையில் புரட்டும்போதெல்லாம் இந்த எண் நம் நினைவுக்கு வருவதுண்டு.

2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் மாவட்டங்கள் அனைத்தும் வறட்சி பாதித்தவையென அறிவிக்கப்பட்டதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு செடிகளைக் காயவிட்டுத் தோட்டத்தையே கைவிட்ட குடும்பங்கள் பல. காய்கறியின் விலை ஏறும் காலத்தில் காய்க்கும் செடியை இழப்பது இரட்டை நஷ்டம். தண்ணீர் இல்லாதபோது தோட்டம் எதற்கு என்று கேட்பாருக்கு நாம் உடன்படுவதற்கில்லை. எந்தச் செடி, எந்தத் தண்ணீர் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

ஈரோடு, சென்னிமலை, காங்கயம் வட்டாரங்களை எடுத்துக்கொள்வோம். மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் அமைந்த நாடு இது. இங்குச் சித்திரையில் தண்டுக்கீரையும் கொத்தமல்லியும் விதைத்துவிட்டு, காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றுவது வீண் செலவு. முருங்கை, கறிவேப்பிலை, சுண்டை, அகத்தி, பிரண்டை, தூதுவளை ஆகியவை வேரூன்றிய பின் சிறிது நீரைக் கொண்டே பிழைத்துக்கொள்பவை. ஆடிப்பட்டத்தில் கொத்தவரையும் தட்டைப்பயறும் விதைக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியினர் 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.-1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். முருங்கைக்கு நீர் மிகுந்தால் இலை தழைத்துப் பூ உதிரும். ஆகவே அதனிடம் அன்பு காட்டி அதிகம் ஊற்றவேண்டாம். கனி வேண்டுவோர் சீத்தா, நெல்லி, மாதுளை ஆகியவற்றுள் ஒன்றை வைக்கலாம். பூவுக்கு நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் போதும். வாசலில் புல்தரை வளர்க்கும் ஆசை இப்போது கிராமங்களிலும் பரவி வருகிறது. ஆடு மேயாத புல்லுக்கு அன்றாடம் நீர் இறைப்பதன் பொருள் நமக்கு விளங்கவில்லை.

வறட்சியைத் தாங்கும் என்பது ஒன்றே தகுதியாகிவிடாது. சீமைக் கருவேலம் எந்த வறட்சியையும் தாங்கும். அதனை யாரும் வீட்டருகே விரும்பார். வேலிக்குக் காங்கயம் பகுதிக் கொறங்காட்டு விவசாயிகள் வழிவழியாக வைத்து வரும் கிளுவையே சிறந்தது. கிளையை வெட்டி நட்டால் துளிர்க்கும்; முள்ளும் உண்டு, ஆட்டுக்குத் தழையும் உண்டு.

இனி நீர் ஊற்றும் முறை. மேட்டுப்பாத்தி மழை மிகுந்த இடத்துக்கு உரியது. வறண்ட நிலத்தில் நான்கு விரல் தாழ்ந்த பள்ளப்பாத்தியே நீரை நிறுத்தும். செடியின் அடியில் சருகு, கரும்புத் தோகை, நார்க்கழிவு எது கிடைத்தாலும் மூடாக்கு இடுக. தென்னை உள்ளவர்கள் உரிமட்டைகளைக் குழிவான பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி மரத்தைச் சுற்றிப் புதைத்தால், அவை மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கொடுக்கும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, சில நாளைக்கொரு முறை ஆழ நனைப்பது மேல். மேல் மண் மட்டும் நனையுமாயின் வேரும் மேலேயே நின்றுவிடும்.

இவை யாவற்றினும் நாம் விசேஷமாக எடுத்துக்கூற விரும்புவது பானைப் பாசனம். கி.மு. முதல் நூற்றாண்டுச் சீன வேளாண் நூலிலேயே இம்முறை கூறப்பட்டுள்ளது. மெருகு பூசாத சாதாரண மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, வாய் மட்டும் தரைக்கு இரண்டு விரல் மேலே தெரியுமாறு விடவேண்டும். குழியைப் பானையின் அகலத்தைப்போல் மும்மடங்கு எடுத்து, மண்ணுடன் மக்கிய குப்பையைக் கலந்து பானையைச் சுற்றி இறுக நிரப்புக. பானையைச் சுற்றி ஒரு சாணுக்குள் நான்கு இடங்களில் சுரை, பூசணி, பீர்க்கு அல்லது கத்தரி நடலாம். மண் உலர்ந்திருக்கும்போது அது பானையின் நுண்துளை வழியே நீரை இழுக்கும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறைந்துவிடும். செடி கேட்குமளவே பானை கொடுக்கிறது. மேல் மண் உலர்ந்தே இருப்பதால் வெயிலுக்குப் போகும் ஈரமும் குறைவு, களையும் குறைவு. மண்ணையும் செடியையும் பொறுத்து மூன்று நான்கு நாளுக்கொரு முறை நிரப்பினால் போதும். வாயை ஓட்டாலோ பலகையாலோ மூடி வைக்காவிடில் கொசு பெருகும். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை ஊற்றினால் நாளடைவில் துளைகள் அடைபடும். இயன்றவரை மழைநீரோ நல்ல நீரோ பயன்படுத்துக.

குளியல் நீரை வாழைக்கும் எலுமிச்சைக்கும் திருப்பிவிடலாம். ஆளுக்கு 20 லிட்டர் எனினும் ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 100 லிட்டர் கிடைக்கும். அதனைத் தேக்கி வைத்தால் நாறும். அன்றன்றே விட்டுவிட வேண்டும். துணி துவைத்த முதல் நீரில் சலவைச் சோடா மிகுதி. அது மண்ணைக் கெடுக்கும். அலசிய நீர் அவ்வளவு தீதன்று. பச்சையாக உண்ணும் காய், கீரைகளுக்கு இரண்டுமே ஆகா.

நெசவாளர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பாவுக்குப் போட்ட அரிசிக் கஞ்சியின் மிச்சத்தை நீர் கலந்து மரத்துக்கு ஊற்றலாம். சாயத் தொட்டி நீர் அத்தகையதன்று. அதில் காஸ்டிக் சோடாவோ, ஹைட்ரோஸோ, உப்போ இருக்கும். தண்ணீர் கிடைக்காத காலத்தில் அதையும் செடிக்கு ஊற்றிப் பார்ப்போம் என்னும் எண்ணம் எழுவது இயல்பே. 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் நொய்யலின் சாயக்கழிவு தேங்கி, கீழுள்ள நிலங்களும் கிணறுகளும் பாழானதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நாம் அறிவோம். ஒரு புழக்கடையில் நிகழ்வது அதன் சிறு வடிவமே. உப்பு ஏறிய மண் எளிதில் திரும்பாது.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பதித்த பல வீடுகளில் இன்று குழி தூர்ந்து கிடக்கிறது. கணக்கைப் பார்த்தால் அலட்சியம் செய்ய மனம் வராது. 40 சதுர மீட்டர் கூரையின்மீது 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 40 லிட்டர். ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் எனில் 26,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 20,800 லிட்டர் மிஞ்சும். 15 லிட்டர்க் குடத்தால் ஆயிரத்து முந்நூறு குடத்துக்கு மேல். இதனை முழுவதும் தொட்டியில் வைக்க யாராலும் இயலாது. ஒரு பங்கைத் தொட்டியிலும், எஞ்சியதைப் பள்ளப்பாத்தியிலும் கிணற்றோரக் குழியிலும் இறக்குக. முதல் மழையின் நீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும்.

பானைகளைத் தனித்தனியே வாங்குவதைவிட, அங்கத்தினர் பெயர்ப்பட்டியல் எடுத்து, சங்கத்தின் வழியாக அருகிலுள்ள மண்பாண்டத் தொழிலாளரிடம் மொத்தமாகச் சொல்லி வைப்பது நன்று. அவருக்கும் ஒருசேர வேலை கிடைக்கும். பானைகள் வந்ததும் நிர்வாகக் குழுவினர் ஒன்றிரண்டைப் பொறுக்கி, நீர் நிரப்பி ஓர் இரவு வைத்துப் பார்க்கவேண்டும். விடியலில் பானையின் புறம் ஈரம் பூத்திருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். உலர்ந்தே இருப்பின் அது சமையலுக்கு ஆகும், தோட்டத்துக்கு ஆகாது. சொட்டுச் சொட்டாக ஒழுகினால் திருப்பிக் கொடுத்துவிடுக.