இன்னலில் ஏடும் இசையும்

நோயும் வறுமையும் பிரிவும் வந்துற்ற காலத்து மாந்தர் உள்ளம் சோர்தல் இயல்பு. அக்காலை நல்ல நூல்களும் இனிய சங்கீதமும் மனத்துக்கு உற்ற துணையாகும் என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அஃது உண்மையாயின், அத்துணை எத்தகையது என்பதை நம் கரிசற் சீமையைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காடு ஆற்றுப் பாய்ச்சல் இல்லாதது. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே கம்பும் சோளமும் பருத்தியும் விதைக்கப்படுகின்றன. மழை பொய்த்தால் நிலம் பாளம் பாளமாய் வெடிக்கும், கண்மாய்கள் வறளும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மாண்டவர் எண்ணிறந்தோர். இத்தகைய மண்ணில் பாட்டும் ஏடும் எதற்கு என்று ஒருவர் வினவுவாராயின், அவ்வினாவைத் தள்ளிவிடுதல் தகாது.

கோவிற்பட்டிக்குக் கிழக்கே உள்ள எட்டயபுரத்தில் அதற்கு விடை உண்டு. முத்துசாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். அவர் எட்டயபுரத்துக்கு வரும் வழியில் வறண்ட வயல்களைக் கண்டு மனமிரங்கி, அமிர்தவர்ஷிணி இராகத்திற் பாட, மழை பொழிந்தது என்பது செவிவழிச் செய்தி. இதனை நம்புவாரும் உளர், நம்பாதாரும் உளர். அது நிற்க. வெடித்த நிலத்தைக் காணாதவர்போல் அவர் பாடிச் சென்றார் என்று மக்கள் சொல்லவில்லை. கண்டு, இரங்கி, அதன்பொருட்டே பாடினார் என்று சொல்லி வருகின்றனர். துன்பத்தை மறைத்துவிடும் பாட்டைக் காட்டிலும், துன்பத்தை உடனிருந்து பார்க்கும் பாட்டையே துன்புற்றார் நெஞ்சம் நாடுகின்றது என்பது இதனாற் புலனாகும்.

இனி, ஆறுதல் தரும் பொருளும் காப்பாரின்றி நிலைத்திராது. தீட்சிதர் கீர்த்தனைகள் குருமுகமாகவே வழங்கி வந்தவை. அறிந்தார் மறையின் அவையும் மறையும். கிறிஸ்தவ அன்பரான சின்னசாமி முதலியார் நம் நாட்டுக் கீர்த்தனைகளை மேனாட்டு இசைக்குறியில் அச்சிட முயன்றார். அவர் பொருள் கரைந்தது, கண்ணொளியும் மங்கிற்று. ஆயினும் அவர் தளராமல், முத்துசாமி தீட்சிதரின் தம்பி பேரரும் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானுமாகிய சுப்பராம தீட்சிதரைக் கொண்டு அப்பணி நிறைவேற வேண்டுமென விழைந்தார். 1839-இல் பிறந்த சுப்பராம தீட்சிதர் முதுமையிலும் அயராது உழைத்தார். அரசர் ஆதரவில், 1904-ஆம் ஆண்டு, ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ தெலுங்கு எழுத்தில் எட்டயபுரத்திலேயே அச்சேறியது. ஈராண்டு கழித்து, 1906-இல், ஆசிரியர் காலமானார். பின்னர்ச் சென்னை மியூசிக் அகாடமி அதனைத் தமிழ் எழுத்தில் பதிப்பித்தது. கண்ணொளி குன்றிய ஒருவரின் விழைவும் முதியவர் ஒருவரின் உழைப்பும் கூடியதனால், நாம் கண்டறியாத எத்தனையோ இல்லங்களில் அக்கீர்த்தனைகள் இன்றும் ஒலிக்கின்றன.

கோவிற்பட்டிக்குத் தெற்கேயுள்ள இடைசெவலில் 1923-ஆம் ஆண்டு பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இதற்கு மற்றொரு சான்று. முன்னவர் எளிய குடும்பத்தினர். பின்னவர் இளமையில் நோயால் வருந்தியவர். இலக்கியமும் சங்கீதமும் இருவரையும் பிணைத்தன. அழகிரிசாமி வெளியூர் சென்றபின் நண்பருக்கு வரைந்த கடிதங்கள் நூலாக வெளிவந்துள்ளன. தாம் பெற்ற இன்பத்தைத் தம்முள் அடக்கிக்கொள்ளாது, கரிசல் மக்களின் பாடுகளையே கதைகளாக்கி இருவரும் நமக்கு வழங்கினர்.

இவற்றால் நாம் அறிவது யாது? ஏடும் இசையும் மழைக்கு ஈடாகா. பசித்தவனுக்குக் கஞ்சி வார்க்க வேண்டிய இடத்திற் பாட்டை வைத்தல் அறமன்று. ஆனால், துன்புற்றவன் தான் தனியனல்லன் என்றுணரவும், மறுநாட் காலையில் எழுந்து கலப்பையைத் தொடவும் அவை வலிமை தருகின்றன. அவ்வலிமை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறி வருவது.

ஆதலின் மாணவ நண்பர்களே, மனம் தளர்ந்த வேளையில் நல்ல நூலொன்றை நாடுங்கள். நல்ல பாட்டொன்றைக் கேளுங்கள். அவ்வளவில் நின்றுவிடாதீர்கள். விடுமுறையில் ஊர் திரும்புங்கால், எழுத்தறியாத பாட்டிக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். அவர் அறிந்த நடவுப்பாட்டையும் தாலாட்டையும் கேட்டு எழுதி வையுங்கள். வேறொரு வறண்ட ஆண்டில் அவை யாருக்கேனும் துணையாகும்.