ஏலம் முடியும் முன்பே கேட்டுவிடுங்கள்

பல வருடங்களாக இணைய ஏலத்தில் பழைய நாணயங்களை வாங்குகிறேன், விற்கவும் செய்கிறேன். நான் பார்த்த தகராறுகள் பெரும்பாலும், ஏலம் முடியும் முன் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டதில்தான் தொடங்கின.

விக்டோரியா வெள்ளி ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1840, 1862 என்று ஆண்டு பொறித்த காசுகள் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் கிடைக்கும். நகையாகக் கோத்துப் போட்டவை நிறைய. கோப்பதற்காக வைத்த காதைக் கழற்றிவிட்டு, பற்றவைத்த இடத்தை ராவி மெருகேற்றினால் படத்தில் பளபளவென்று இருக்கும். கையில் வாங்கிப் பார்த்தால்தான் ராணியின் தலைக்கு மேலே விளிம்பில் ஒரு மங்கல் தெரியும். சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு விற்பனையாளர் அந்த விளிம்பை மட்டும் தனியாகப் படமெடுத்து, “இங்கே பற்றவைத்த தடம் இருக்கிறது, எடை 11.4 கிராம்” என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். முழு எடை 11.66 கிராம். அதற்குப் பிறகு அவர் ஏலத்துக்கு வைக்கும் எதையும் தைரியமாகக் கேட்கிறேன். விற்பவர்கள் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் போடுங்கள். காசைக் கழுவியிருந்தால் சொல்லுங்கள். தபால் செலவையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வாங்குபவர் சந்தேகத்தை ஏலம் நடக்கும்போதே கேட்க வேண்டும். “இன்னொரு படம் அனுப்ப முடியுமா சார்?” என்றால் நல்ல விற்பனையாளர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏலம் கிடைத்தபின் “கொஞ்சம் குறைச்சுக்குங்க” என்பது, உங்களோடு போட்டியிட்டு விட்டுக்கொடுத்த எல்லோருக்கும் செய்யும் துரோகம். கடைசி நொடியில் விலை ஏற்றுவதைச் சிலர் அநாகரிகம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஈபேயில் நம் உச்சத் தொகையை முன்பே கொடுத்துவைத்தால், தேவைப்படும் அளவுக்கு அதுவே ஏற்றிக்கொள்ளும். ஆனால் விற்பவரே நண்பரை விட்டு விலையை ஏற்றுவது மோசடி.

2008 முதல் ஈபேயில் விற்பவர், வாங்கியவரைப் பற்றி எதிர்மறையாக மதிப்பீடு எழுத முடியாது. அந்த அதிகாரம் வாங்குபவரிடம் மட்டுமே இருப்பதால் நிதானம் வேண்டும். குறை இருந்தால் படத்தோடு முதலில் விற்பவருக்கே எழுதுங்கள், பதிலுக்கு இரண்டொரு நாள் பொறுங்கள். தபால் தாமதத்துக்கு அவரைத் திட்டாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: நூறு வருடம் கடந்த காசை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது. “பார்சலில் வேறு பெயர் எழுதி அனுப்புங்கள்” என்று விற்பவரை வற்புறுத்தாதீர்கள், மாட்டிக்கொள்வது அவர்தான்.