பாத்ரூம் டைல்ஸ்... நாமே ஒட்டலாம்!

சின்ன பாத்ரூம்தானே, கொத்தனார் கூலியை மிச்சம் பிடிக்கலாமே என்று நினைக்கிறீர்களா? தாராளமாக இறங்குங்கள். ஒட்டும் வேலையைவிட அதற்கு முன்னால் அளப்பதிலும் அடுக்கிப் பார்ப்பதிலும்தான் பணம் மிச்சமாகும்!

1. 5க்கு 7 அடி பாத்ரூமில் 7 அடி உயரத்துக்குச் சுவர் டைல்ஸ் என்றால், கதவைக் கழித்து ஏறக்குறைய 150 சதுர அடி வரும். வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்துக்கு ஒரு பங்கு சேர்த்து வாங்கினால் போதும்.

2. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் நம்பரும் ஷேடும் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி வாங்கினால் நிறம் லேசாக மாறிவிடும்.

3. தரைக்கு வழுக்காத, சொரசொரப்பான 1 அடி டைல்ஸே நல்லது. பெரிய டைல்ஸ் போட்டால் தண்ணீர் வெளியேறும் ஜாலி பக்கம் வாட்டம் கொடுக்கக் கண்ட இடத்தில் வெட்ட வேண்டியிருக்கும்.

4. தரையிலும் சுவரில் ஒரு அடி உயரத்துக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்துக் காயவிடுங்கள். பிறகு ஜாலியை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்குங்கள். கசிவு இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். டைல்ஸை உடைக்கும் செலவு மிச்சம்.

5. கலவையைத் தொடும் முன் டைல்ஸை வெறுமனே அடுக்கிப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் முழு டைல்ஸும், கதவுக்குப் பின்னால் வெட்டுத் துண்டுகளும் வரட்டும்.

6. சுவரில் கீழ் வரிசையை விட்டுவிட்டு, ரசமட்டம் பார்த்து ஒரு ரீப்பர் அடித்து, இரண்டாவது வரிசையிலிருந்து ஒட்டுங்கள். தரை முடிந்ததும் கீழ் வரிசையை வைத்தால் சுவரில் வழியும் தண்ணீர் தரை டைல்ஸ் மேலேயே விழும்.

7. சிமென்ட் கலவையில் ஒட்டுவதானால் செராமிக் டைல்ஸை முதலில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது. அதற்கு டைல்ஸ் பசைதான் சரி. பசை என்றால் ஊறவைக்கவே வேண்டாம்.

8. பசையை அரை மணி நேரத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் குழையுங்கள். இறுகியதும் தண்ணீர் விட்டு இளக்கினால் பிடிப்பு போய்விடும். சுவரில் தடவியதை விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள்.

9. பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைல்ஸை அழுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். முதல் டைல்ஸை உடனே பெயர்த்துப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை அப்பியிருந்தால் தைரியமாகத் தொடரலாம்.

10. தரையில் நாலு அடிக்கு அரை அங்குலமாவது ஜாலியை நோக்கி வாட்டம் வேண்டும். பசை இறுகும் முன் பிள்ளைகளின் கோலிக்குண்டை மூலைக்கு மூலை உருட்டுங்கள். அது நிற்கிற இடத்தில்தான் நாளை தண்ணீரும் நிற்கும்!

11. குழாய்க்கு ஓட்டை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் டிரில் வழுக்காது. சுத்தியல் மோடை அணைத்துவிட்டு மெதுவாகத் துளையுங்கள். கண்ணாடி போட மறக்காதீர்கள்.

12. ஒரு நாள் கழித்து கிரவுட்டை இடுக்குக்குக் குறுக்குவாட்டில் இழுத்து நிரப்பி, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலைக்கு சிலிக்கான் வைத்தால் விரிசல் விடாது.

13. மிஞ்சியதில் நாலைந்து டைல்ஸைப் பெட்டி அட்டையோடு பரணில் போட்டு வையுங்கள். பின்னாளில் குழாய் ரிப்பேருக்கு ஒன்றிரண்டை உடைத்தாலும் அதே நிறம் கையில் இருக்கும்.