கரையில் கைமாறும் காசுக்கு ஒரு கணக்கு



முறைசாராப் பொருளாதாரமும் கறுப்புப் பணமும் ஒன்றல்ல. முறைசாராப் பொருளாதாரத்தில் தொழில் சட்டத்துக்கு உட்பட்டதுதான். நிறுவனப் பதிவும் முழுக் கணக்கேடும்தான் இருப்பதில்லை. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டியுள்ள கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் 1984 முதல் விற்ற மின்சாரம் யூனிட் யூனிட்டாக ஏட்டில் ஏறியிருக்கிறது. அதே கரையில் ஏலம் போகும் மீனுக்கு ரசீது கிடையாது.

ஏடு இல்லாததை அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மறைமுக வழி. புழங்கும் ரொக்கம், செலவாகும் மின்சாரம் ஆகியவை பதிவான உற்பத்தியைவிட எவ்வளவு மிஞ்சுகின்றன என்று பார்த்து, மிச்சத்தை முறைசாராத் துறையின் கணக்கில் எழுதுவது. அடுப்புப் புகையை வைத்துச் சோற்றை அளப்பது போன்றது இது. கல்யாணச் செலவுக்கென்று வீட்டில் வைத்திருக்கும் ரொக்கமும் அதில் சேர்ந்துவிடும்.

மற்றது, நேராகப் போய்க் கேட்பது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஊர்களையும் நகரப் பகுதிகளையும் மாதிரியாகத் தேர்ந்து, வீடுவீடாகப் பட்டியலிட்டு, தொழில் நடக்கும் இடங்களில் விசாரிக்கிறது. மீன் விற்கும் பெண்ணிடம் கணக்கு நோட்டு இருக்காது. ஆகவே கடந்த முப்பது நாளில் ஏலத்தில் எடுத்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் போனது எவ்வளவு என்று கேட்டு எழுதுகிறார்கள். விற்றதிலிருந்து மற்றவற்றைக் கழித்தால் கிடைப்பது கூட்டிய மதிப்பு. கூலி கொடுத்திருந்தாலும் அதைக் கழிப்பதில்லை; கூடை தூக்கிக் கொடுக்கும் மகளுக்கோ கூலியே தரப்படுவதில்லை. ஆனால் அவளும் தொழிலாளியாக எண்ணப்பட வேண்டும். நடைமுறையில் முதலில் விட்டுப்போவது அவள்தான். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது வரவு வேறு, மாசியில் வேறு. அதனால் ஆய்வை ஆண்டு முழுவதும் பரப்பி நடத்துகிறார்கள்.

வகைப்படுத்துவதிலும் சிக்கல் உண்டு. ஒரே மீனவர் வீட்டில் கணவர் மீன் பிடிப்பது வேளாண்மை சார்ந்த தொழில், மாமியார் கருவாடு போடுவது உற்பத்தி, மனைவி விற்பது வணிகம். புள்ளியியல் அலுவலகத்தின் 2023-24 ஆய்வு 7.34 கோடி தொழிலகங்களையும் அவற்றில் 12.06 கோடிப் பேரையும் கண்டது. வேளாண்மையும் கட்டுமானமும் அதன் எல்லைக்கு வெளியே இருப்பதால் அந்தக் கணவர் அதில் இல்லை.

நாட்டு வருமானத்துக்கு இந்த விவரம் போகும் வழி எளிது: ஆளொருவரின் கூட்டிய மதிப்பை மொத்த ஆள்பலத்தால் பெருக்க வேண்டும். ஆனால் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் ஸ்தபதியின் உழைப்பையும் கல்லைத் தேய்த்து மெருகேற்றும் உதவியாளின் உழைப்பையும் ஒரே எடையில் வைக்க முடியாது. 2011-12ஐ அடியாண்டாகக் கொண்ட நாட்டு வருமானத் தொடரில் முதலாளி, கூலியாள், உதவியாள் ஆகியோருக்குத் தனித்தனி எடை கொடுத்தது அதனால்தான்.

தொழிலகத்தை எண்ணுவது வேறு, தொழிலாளியை எண்ணுவது வேறு. பதிவுபெற்ற பெரிய ஆலையிலும் வைப்புநிதி இல்லாத ஒப்பந்தக் கூலியாட்கள் இருக்கலாம். அவர்களையும் சேர்த்து, அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம் 2004-05இல் தொழிலாளரில் சுமார் 92 விழுக்காட்டினர் முறைசாரா நிலையில் இருந்ததாகக் கணித்தது. உற்பத்தியில் முறைசாராத் துறையின் பங்கு ஏறத்தாழப் பாதிதான் என்றது. இரண்டும் முரண் அல்ல: அந்தத் துறையில் ஆட்கள் அதிகம், ஆளுக்குக் கிடைக்கும் மதிப்பு குறைவு.