எர்த் எங்கே போய் முடிகிறது?

தம்பி, டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். நாற்பது வருஷம் வயரிங் பார்த்தவன் நான். பாதியைத் தப்புச் செய்துதான் கற்றேன். கேட்டுக்கொள்.

1. எந்த வீடானாலும் போர்டைத் திறக்கும் முன் வாசலுக்கு வந்து கம்பத்தைப் பார். நம் ஊர்த் தனி வீடுகளுக்குப் பெரும்பாலும் பேஸ், நியூட்ரல் இரண்டுதான் வரும். எர்த்தை அந்த வீட்டு மண்ணிலிருந்தே எடுக்க வேண்டும். இதுதான் டிடி முறை. 'டி' என்பது மண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து: டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு மண், வீட்டுக்கு ஒரு மண். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்த அடுக்குமாடிகளில் எர்த்தும் தனிக் கம்பியாக அங்கிருந்தே வரலாம், அது டிஎன்-எஸ்.

2. பச்சை ஒயரைக் கண்டதும் நம்பிவிடாதே. முடிகிற இடம் வரை கூடவே போ. ஒரு வீட்டில் "எர்த் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக் கூலியும் வாங்கினேன். சுவருக்குள் இரண்டடி தள்ளி அந்த ஒயர் வெட்டுப்பட்டுக் கிடந்தது.

3. என் பெரிய தப்பு இது. ஒரு வீட்டில் கிரைண்டருக்கு மூன்று பின் பிளக் கேட்டார்கள். எர்த் கிடையாது, எர்த் குழி தோண்டக் காசும் இல்லை. நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயரை லூப் அடித்தேன். இரண்டும் கடைசியில் மண்ணுக்குத்தானே போகிறது என்று நினைப்பு. ஆடிக் காற்றில் கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனது. விளக்கெல்லாம் அணைந்தது. ஆனால் சுவிட்ச் போட்டிருந்த பல்பு வழியாகவே பேஸ் திரும்பி வந்து கிரைண்டர் உடம்பில் நின்றது. கரண்ட் இல்லை என்று ஈரக்கையோடு தொட்ட அம்மாளை ரப்பர் செருப்புதான் காப்பாற்றியது. அவர் என்னைத் திட்டவில்லை, காப்பி கொடுத்தார். அதை என்னால் குடிக்க முடியவில்லை.

4. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 60 வாட்ஸ் பல்பை எரியவைத்துக் காட்டி நல்ல பெயர் வாங்காதே. அது இழுப்பது கால் ஆம்பியர். 100 ஓம் உள்ள செத்த எர்த்திலும் எரியும். அதே எர்த்தில் பழுது வந்தால் 230-ஐ 100-ஆல் வகுத்துப் பார்: 2.3 ஆம்பியர். எம்சிபி அசையாது, பிரிட்ஜ் உடம்பில் கரண்ட் நிற்கும். அதனால்தான் டிடி வீட்டில், சிறு கசிவுக்கே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடாமல் திரும்பாதே என்கிறேன். ஓம் அளக்க எர்த் டெஸ்டர் வேண்டும். இல்லையென்றால் இரவல் கேள்.

5. மீட்டர் சீலைத் தொடாதே. அது மின்வாரியத்தின் எல்லை.

6. எர்த் குழியைக் காட்டச் சொல். மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், துளசிமாடம் கட்டியிருப்பார்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார். "பார்க்காமல் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வா. ஒரு நாள் கூலி போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நம் வீட்டுக் குழியிலிருந்தே தொடங்கலாம். அதற்குத் தண்ணீர் ஊற்றி நானே மூன்று மாதமாகிறது.