‘அன்ஃபிட்’ அறிக்கையோடு முடிந்துவிடுவதில்லை: வெளிநாட்டு வேலையும் கல்லீரல் அழற்சியும்

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் புறப்படுமுன் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களுக்கான இரத்தச் சோதனைகளும் அதில் அடங்கும். தொற்று இருப்பதாகத் தெரிந்தால் ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுவர். நகையை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன் வாங்கியும் விசாவுக்குப் பணம் கட்டிய குடும்பத்துக்கு அது பேரிடி.

உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே என்று பலர் அந்த அறிக்கையை மடித்து வைத்துவிடுகின்றனர். சில ஆண்டுகள் கழித்து, வயிற்றில் நீர் கோத்த நிலையில் அவர்களுள் சிலரை நாங்கள் சந்திக்க நேர்கிறது. வேலை வாய்ப்பு போனது ஓர் இழப்பு. சிகிச்சைக்குரிய காலத்தைத் தவறவிடுவது அதனினும் பெரிய இழப்பு. இரண்டாவதைத் தவிர்ப்பது நம் கையில் உள்ளது.

தொற்று எப்படி வந்தது?

ஹெபடைடிஸ் பி பெரும்பாலும் பிறப்பின்போது தாயிடமிருந்தோ, சிறு வயதிலோ தொற்றுகிறது. கைக்குழந்தைப் பருவத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடும். நலமுள்ள பெரியவர்களுள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாகவே அவ்வாறு நிலைக்கும். ஆகவே இதை ஒழுக்கக் குறைவாகக் கருதி எவரையும் பழிக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது.

இவ்வைரஸ்கள் இரத்தம், கிருமி நீக்கப்படாத ஊசி, உடலுறவு ஆகியவற்றின் வழியே பரவுகின்றன. ஒரே அறையில் பலர் தங்குமிடங்களில் பிளேடையும் பல்துலக்கும் பிரஷ்ஷையும் பகிர்ந்துகொள்ளலாகாது. உடன் அமர்ந்து உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ இவை பரவுவதில்லை.

அறிக்கை கைக்கு வந்தபின்

கல்லீரல் நொதிகள், இரத்தத்தில் வைரஸின் அளவு, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்தே சிகிச்சையை முடிவு செய்கிறோம். ஹெபடைடிஸ் பி உள்ள அனைவருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. ஆனால் அனைவருக்கும் தொடர் கண்காணிப்பு தேவை. டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கின்றன. இவற்றைத் தாமாக நிறுத்தினால் நோய் திடீரெனச் சீறி எழலாம். வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை செய்வோர், அடுத்த விடுப்பு வரை போதுமான மாத்திரை கையில் உள்ளதா என்பதை முன்னதாகவே உறுதி செய்துகொள்க.

ஹெபடைடிஸ் சி-யோ பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளில் முற்றிலும் குணமாகிறது. குணமான பின்னரும் எதிர்ப்பொருள் சோதனை ‘பாசிட்டிவ்’ என்றே காட்டக்கூடும். எனவே வைரஸ் நீங்கியதைக் காட்டும் ஆர்.என்.ஏ. சோதனை அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்க.

பிறர் இரத்தத்தைக் கொடுத்துத் தேறிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் இணங்க வேண்டா. சென்றிறங்கிய நாட்டிலும் சோதனை உண்டு. அங்கே தெரியவந்தால் கட்டிய பணமும் போய், கடன் மட்டுமே மிஞ்சும்.

செலவு

2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வந்துவிட்டால் சிகிச்சைச் செலவு பன்மடங்காகும். குடும்பத்தின் வருவாயும் நின்றுபோகும்.

குடும்பத்தார் கவனத்துக்கு

* ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் அனைவரும் சோதித்துக்கொள்க.
* தொற்றும் நோயெதிர்ப்பும் இல்லாதோர், முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலுமாக மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்க.
* தாய்க்குத் தொற்று இருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும்.
* நோயாளிக்கு மது அறவே ஆகாது.

வீட்டுப் பெட்டியில் பழைய ‘அன்ஃபிட்’ அறிக்கை ஏதேனும் மடிந்து கிடந்தால், அடுத்த முறை வரும்போது அதை எடுத்து வாருங்கள். எத்தனை ஆண்டு பழையதாயினும் அதிலிருந்தே தொடங்கலாம்.