அறியா வினாவும் அறிவியற் கண்காட்சியும்

வினா ஆறு வகைப்படும் என்று நன்னூல் வகுத்துரைக்கும். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. விடையைத் தாம் அறிந்திருந்தும், மாணாக்கன் அறிந்துள்ளானா என்று காணும் பொருட்டு ஆசிரியர் வினவுவது அறிவினா. தான் அறியாத ஒன்றை அறியும் பொருட்டு வினவுவது அறியா வினா. இதுவோ அதுவோ என்னும் மயக்கம் தீர வினவுவது ஐய வினா. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இலக்கணத்திற்கென வகுத்த இப்பாகுபாடு, இன்று நம் பள்ளிகளில் நடைபெறும் அறிவியற் கண்காட்சிகளை அளந்து பார்ப்பதற்கும் உதவும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தமிழ் விரிவுரையாளர்க்கு அறிவியற் கண்காட்சியில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். (அஃது எவ்வகை வினா என்பதை நம் துறை மாணவர்கள் கூறுவார்களாக.) செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கடற்கரை ஊர்களிலும் உள்ள பெற்றோர் பலர் ஆண்டுதோறும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு செயல்திட்டம் சொல்லுங்கள், எளிதாகவும் இருக்க வேண்டும், வேறு எவரும் செய்யாததாகவும் இருக்க வேண்டும்." இவ்விரண்டு வேண்டுகோளும் ஒன்றோடொன்று முரண்படுவன போல் தோன்றும். உண்மையில் முரண்பாடு இல்லை.

பெரும்பாலும் நிகழ்வது என்ன? சமையல் சோடாவும் வினிகரும் கலந்து பொங்கும் எரிமலை. தெர்மோகோலில் செய்த சூரியக் குடும்பம். கடையில் விலைக்கு வாங்கிய காற்றாலை. இரவு கண் விழித்துத் தந்தையார் ஒட்டுகிறார், தாயார் எழுதுகிறார். பிள்ளை மறுநாள் அதன் அருகில் நின்று, மனப்பாடம் செய்த நான்கு வரிகளை ஒப்பிக்கிறது. நடுவர் கேட்பதும் அறிவினா, பிள்ளை சொல்வதும் பிறர் விடை. பிறர் செய்ததைத் தான் செய்ததாகக் கூறும் பழக்கத்தை எட்டு வயதிலேயே, பரிசும் கொடுத்து, நாமே கற்பிக்கின்றோம். கல்லூரிக்கு வந்தபின் ஆய்வேடுகளில் அப்பழக்கத்தைக் கண்டு வருந்துவதில் பொருள் உண்டா?

இதற்கு மாற்றாக நம் நாட்டில் நல்லதொரு முயற்சி நடைபெற்றுள்ளது. 1993ஆம் ஆண்டில் நாடு தழுவிய அளவில் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரையிலான சிறுவர் சிறுமியர் தம் ஊரின் நிலையைத் தாமே ஆராய்ந்து, தம் தாய்மொழியிலேயே எழுதி வழங்க வழி செய்தது. தமிழகத்தில் இதனை ஒருங்கிணைத்து வளர்த்த பெருமை தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சாரும். காட்சிப்பொருள் அன்று, கண்டறிதலே முதன்மை என்பது அம்மாநாட்டின் அடிப்படை. ஆயினும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அவர்கள் பள்ளிக் கண்காட்சியின் எரிமலைக்கே விடப்பட்டனர். அவர்க்கு உரிய அளவில் அதே நெறியைக் கைக்கொள்வது எங்ஙனம் என்பதே நாம் காண வேண்டியது.

'புதுமை' என்னும் சொல்லைப் பெற்றோர் தவறாகப் பொருள் கொள்கின்றனர். எவரும் கேட்டறியாத பொருள் வேண்டும் என்பதில்லை. கடலின் நிறம் எவரும் காணாத பொருளா? 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சர் சி.வி. இராமன் அவர்கள், வானத்தின் நீலமே கடலில் தெரிகிறது என்று அறிஞர் ராலே கூறிய விளக்கத்தை ஐயுற்றார். தம்மிடம் இருந்த சிறு நிக்கல் பட்டகத்தின் வழியாக நோக்கி, நீர்ப்பரப்பிற் பிரதிபலித்த ஒளியை நீக்கினார். அப்பொழுதும் கடல் நீலமாகவே தோன்றிற்று. 1928ஆம் ஆண்டின் பெருங்கண்டுபிடிப்பிற்கு இட்டுச்சென்ற பாதையில் இஃது ஒரு படி. அங்கே பொருள் பழையது, ஐய வினா புதியது, கருவி கையடக்கமானது. சிறு பிள்ளைக்கும் இம்மூன்றே போதும்.

நம் பகுதிக்கு வருவோம். செங்கற்பட்டில் கொளவாய் ஏரி உள்ளது. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சென்றால் கடல். "ஏரி நீரில் மிதப்பதும் கடல் நீரில் மிதப்பதும் ஒன்றா?" என்று ஒரு பிள்ளை கேட்டதாகக் கொள்வோம். சீவாத புதுப் பென்சில் ஒன்றன் அடிப்பகுதியில் மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றுக. நுனி மட்டும் வெளியே தெரிய, அது நீரில் நிமிர்ந்து நிற்கும் வரை கம்பியைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்தல் வேண்டும். பிறகு உயரமான பாத்திரத்தில் ஏரி நீரை ஊற்றி மிதக்கவிட்டு நீர் மட்டத்தைக் குறிக்கலாம். அடுத்துக் கடல் நீரில் குறிக்கலாம். கடல் நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவு அடர்த்தி மிகுந்தது. ஆகவே பென்சில் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் மேலெழும். அந்த நான்கு மில்லிமீட்டரைத் தன் கண்ணால் கண்ட பிள்ளை அதனை மறவாது.

இதனினும் சிறந்த பாடம் அடுத்த படியில் உள்ளது. கடலோரத்து வீட்டுக் கிணற்று நீர் சற்றே கரிக்கும். அதில் பென்சிலை இட்டால் ஏரி நீரில் நின்ற மட்டத்திலேயே நிற்பது போல் தோன்றும். 'தோல்வி' என்று பெற்றோர் மறைத்துவிடக் கூடாது. நாக்கு உணரும் சிற்றளவு உப்பைப் பென்சில் உணரவில்லை. கருவிக்கு எல்லையுண்டு என்பதே அங்குக் கண்டறிந்தது. அவ்வாறாயின் வேறு வழி தேட வேண்டும். அரை லிட்டர் கடல் நீரை அகன்ற தட்டில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, வெயிலில் வற்றவிட்டு எஞ்சிய உப்பை மளிகைக் கடைத் தராசில் நிறுக்கலாம். உலகக் கடல்களில் லிட்டருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு என்பது நூற்செய்தி. வங்கக் கடலிலோ ஆறுகளும் மழையும் நன்னீரைச் சேர்ப்பதால் அளவு குறையும்; அதிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் குறைந்தும் கோடையில் மிகுந்தும் இருக்கும். மாமல்லபுரக் கரையில் தை மாதத்து நீரையும் வைகாசி மாதத்து நீரையும் ஒரே தட்டில் வற்றவைத்து ஒப்பிட்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளை எத்தனை பேர்? எளிமையும் புதுமையும் இங்கு ஒன்றாகிவிட்டன. (கடல் நீரை முகந்து தருபவர் பெரியவராக இருத்தல் வேண்டும். அக்கரையின் அலை விளையாட்டன்று.)

கடற்கரை மணலில் கருமை படர்ந்த திட்டுகளைக் காண்கிறோம். தாள் சுற்றிய காந்தத்தை அதில் இழுத்தால் கருந்துகள்கள் ஒட்டும். அலை தொடும் இடம், அலை எட்டாத மேடு, சவுக்குத் தோப்பின் அடி ஆகிய மூவிடத்து மணலில் எங்கே மிகுதி என்பது ஒரு பிற்பகலில் முடியக்கூடிய ஆய்வு. வேடந்தாங்கல் உழவர்கள், பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிரை வளர்க்கும் என்று பட்டறிந்து பறவைகளைக் காத்து வந்தனர். அந்நீரை ஒரு தொட்டிக்கும் வீட்டு நீரை மற்றொரு தொட்டிக்கும் வார்த்து, பத்துப் பத்து வெந்தய விதை இட்டுப் பார்க்கலாம். விதை, மண், வெயில் அனைத்தும் ஒத்திருக்க, நீர் மட்டும் வேறுபடுதல் வேண்டும் என்பதைப் பிள்ளை தானே உணர்ந்து சொல்லுமாறு விட்டால் போதும்.

நம் இல்லங்களில் மற்றொரு கருவியும் உண்டு, அது நிழல். லுஹருடைய நேரம் சூரியன் உச்சி சாய்ந்ததும் தொடங்குகிறது. அஸருடைய நேரம், உச்சிவேளை நிழலை நீக்கிப் பொருளின் நிழல் அப்பொருளின் அளவு ஆனதும் ஷாஃபி மத்ஹபின்படி தொடங்கும். ஹனஃபி மத்ஹபின்படி இரு மடங்கு ஆக வேண்டும். பள்ளிவாசற் சுவரிலுள்ள அட்டவணையைப் பார்த்தே பழகிவிட்ட நாம் கோலையும் நிழலையும் மறந்துவிட்டோம். பிள்ளையின் பாட்டனாரைக் கேட்டால் அவர் சொல்லக்கூடும். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நிறுத்தி, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழல் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்து வந்தால், மிகக் குறுகிய நிழலே உச்சிப்பொழுது என்பது விளங்கும். அட்டவணை நேரமும் கோல் காட்டும் நேரமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பது பிள்ளை தானே கேட்டுத் தானே விடை காணக்கூடிய ஐய வினா.

அதனை மாதம் ஒருமுறை செய்தால் வியப்பு ஒன்று காத்திருக்கிறது. (இப்பகுதியைப் பெற்றோர் மட்டும் படிக்க, பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் அறியா வினா அறிவினாவாகிவிடும்.) செங்கற்பட்டில் டிசம்பர் 22ஐ ஒட்டி உச்சிப்பொழுதில் ஒரு மீட்டர் கோலின் நிழல் வடக்கே ஏறத்தாழ 73 செ.மீ. விழும். அது குறைந்துகொண்டே வந்து ஏப்ரல் 24ஐ ஒட்டி இல்லாமலே போகும். பிறகு தெற்கே திரும்பும். ஜூன் 21ஐ ஒட்டித் தெற்கே 19 செ.மீ. அளவு நீளும். ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மீண்டும் மறையும். இங்கு நண்பகல் நிழல் எந்நாளும் வடக்கேதான் விழும் என்று எண்ணியிருப்போர் நம்மில் பலர்.

இவ்வாய்வில் பிள்ளையின் ஏட்டை ஒருவரும் திருத்தி எழுதலாகாது. நாள், நேரம், அளவு, மேகம் மறைத்த நாள், மறந்துபோன நாள் அனைத்தும் அதன் கையெழுத்திலேயே, அதன் தமிழிலேயே இருக்கட்டும். "நிழல் குட்டியாப் போச்சு" என்று எழுதியிருந்தால் அதனை இலக்கண வழுவென்று அடிக்கத் தமிழாசிரியரும் முற்பட வேண்டா. நடுவராக அமர்வோர் "இதன் தத்துவம் யாது?" என்பதை விடுத்து, "இதில் உனக்கு இன்னும் தெரியாதது எது?" என்று வினவுவார்களேயானால் வாங்கி வந்த காற்றாலை தானே விலகிவிடும்.

நம் மாணவர் பலர்க்கு நாகூரில் உறவினர் உண்டு. செங்கற்பட்டும் நாகூரும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக் கோட்டில், வடக்குத் தெற்காக 200 கி.மீ. சற்று மிகுந்த தொலைவில் அமைந்துள்ளன. மார்ச் 21ஐ ஒட்டிய ஒரே நாளில் இரு பிள்ளைகள் இரண்டு ஊர்களிலும் ஒரு மீட்டர் கோலை நட்டு, உச்சி நிழலைத் தொலைபேசியில் ஒப்பிட்டால், நாகூர் நிழல் மூன்று செ.மீ.க்குச் சற்று மிகுதியாகக் குறைந்திருக்கும். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூன் காலத்து வானியலார் சிஞ்சார் சமவெளியில் ஒரு பாகைக்குரிய நிலத்தொலைவை அளந்ததும், அவர்க்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் எரத்தோசுதனீசு உலகின் சுற்றளவைக் கணித்ததும் இவ்வகை வேறுபாட்டைக் கொண்டே. கணக்கை அண்ணனோ அக்காளோ போடட்டும். நிழலை அளந்து, அங்கே ஏன் குட்டையாக இருக்கிறது என்று கேட்பது சின்னப் பிள்ளையின் பங்கு.